மூணு ஃபேஸும் பேலன்ஸ், ஆனா நியூட்ரல் மட்டும் ஏன் இப்படிச் சுடுது?

கேள்வி:
கம்ப்யூட்டர் சென்டர் ஒண்ணுல வயரிங் வேலை பாக்குறேன், லோடு பூரா பழைய கம்ப்யூட்டர்தான். ட்ரூ ஆர்எம்எஸ் (வளைஞ்சு நெளிஞ்ச கரண்டையும் சரியா அளக்குற) கிளாம்ப் மீட்டர்ல ஆர் ஃபேஸ் 18, ஒய் 18, பி 17 ஆம்பியர் காட்டுது, ஆனா நியூட்ரல்ல 24 ஓடுது, நியூட்ரல் லிங்க் பயங்கர சூடு. பேலன்ஸா இருந்தா நியூட்ரல்ல ஒண்ணும் வரக்கூடாதுன்னுதானே படிச்சோம்?

பதில்:
மெயினை ஆஃப் பண்ணிட்டு லூஸ் கனெக்ஷன் இருக்கான்னு பாருங்க.

கேட்டவர்:
பாத்தாச்சு அண்ணே, டைட்டாதான் இருக்கு. லூஸுன்னா சூடு வரும் சரி, 24 ஆம்பியர் எங்கருந்து வரும்?

பதில்:
தம்பி, இது தேர்ட் ஹார்மோனிக், அதாவது சப்ளையோட 50 ஹெர்ட்ஸுக்கு மூணு மடங்கான 150 ஹெர்ட்ஸ் கரண்ட். பழைய எஸ்எம்பிஎஸ்ல (கம்ப்யூட்டரோட பவர் சப்ளை) ஏசியை டிசியா மாத்துற டயோடு பிரிட்ஜுக்குப் பின்னாடி இருக்குற கெப்பாசிட்டர், வோல்டேஜ் உச்சிக்குப் போற நேரம் மட்டும் கரண்டை வெடுக்குனு இழுக்கும், அதே வடிவம் செகண்டுக்கு 50 தடவை அச்சு அசலா திரும்ப வருது. அப்படித் திரும்பி வர்ற எதையும் 50, 100, 150னு முழு மடங்கு சைன் அலைகளாத்தான் பிரிக்க முடியும், நடுவுல 130 ஹெர்ட்ஸ் ஒண்ணு கலந்திருந்தா அடுத்த சைக்கிள் முந்தினது மாதிரியே இருக்காதே! மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒரே அச்சுங்கறதால ரெட்டைப்படை வராது, 150, 250, 350தான் மிஞ்சும். ஃபேஸுக்கு ஃபேஸ் 120 டிகிரி தள்ளி இருக்கில்ல, 150க்கு அது மூணு மடங்காகி 360 ஆயிடும், அதனால மூணு ஃபேஸோட 150ம் ஒண்ணா ஏறி ஒண்ணா இறங்கி நியூட்ரல்ல கூடிடும். ஃபேஸுக்கு 8 ஆம்பியர் வெச்சாலே 24 வந்துருச்சு.

கேட்டவர்:
வீணைக் கம்பியிலயும் முழு மடங்குதானே, அதுவும் இதே காரணமா?

பதில்:
இல்ல. கம்பிக்கு ரெண்டு முனையும் அசையாது, அதுக்குள்ள அரை அலை ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு முழுசாத்தான் அடங்கும். எல்லாப் பொருளும் இப்படி இல்ல, சாதா வட்டத் தோலுல 1.59, 2.14னு கோணல் மடங்கா வரும். மிருதங்கத்தோட வலது பக்கத் தோல், அதாவது வலந்தலை, அது நடுவுல வைக்கிற கருப்புப் பூச்சான கரணை அதைக் கிட்டத்தட்ட முழு மடங்குக்குக் கொண்டு வந்துடுது, சி.வி.ராமன் 1920ல நேச்சர் இதழ்ல இதைப் பத்தி எழுதினார். கணக்குப் போடாம காதாலயே இதைச் செஞ்ச கைவேலைக்காரங்களை நினைச்சா எனக்கு இன்னும் பிரமிப்புதான்.

சரி உங்க வேலைக்கு வருவோம். இந்த மாதிரி லோடுல நியூட்ரல் கரண்ட் ஃபேஸைவிட 1.73 மடங்கு வரைக்கும் போகலாம், அதனால நியூட்ரலை டபுள் சைஸா மாத்துங்க. நியூட்ரல்ல தனியா ஃபியூஸ் மட்டும் போட்டுடாதீங்க, அது அறுந்தா ஒரு ஃபேஸ்ல வோல்டேஜ் எகிறி கம்ப்யூட்டரெல்லாம் போயிடும். அடுத்து எஸ்எம்பிஎஸ் மாத்துறப்போ பிஎஃப்சி (கரண்டை வெடுக்குனு இழுக்காம சீரா இழுக்க வைக்கிற சர்க்யூட்) இருக்குறதா பாத்து வாங்கச் சொல்லுங்க.