எக்ஸ்போஷர்: வெளிப்பாடா, ஒளியேற்பா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

படம் எடுக்கும்போது கேமராவுக்குள் போய்ச் சேரும் ஒளியின் அளவுதான் எக்ஸ்போஷர். அதற்குத் தமிழில் 'வெளிப்பாடு' போதும் என்று ஐயா போன மடலில் எழுதியிருந்தார். அகராதியில் சரிதான், ஆனால் வகுப்பில் எனக்கு அது கைகொடுக்கவில்லை. இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஞாயிறு காலையில் தோட்டத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்குக் கேமரா சொல்லிக்கொடுக்கிறேன். திருவிழாப் படம் ஒன்றைப் பார்த்து "வெளிப்பாடு கூடிப்போச்சு" என்றேன். எடுத்த பெண் பூசாரியின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள், முகபாவத்தைச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள். நான் சொன்னது அவருடைய வெள்ளை வேட்டியை; வெயில் பட்டு மடிப்புகூடத் தெரியாமல் ஒரே வெளுப்பாக இருந்தது.

வெளிப்பாடு என்றால் உள்ளே இருப்பது வெளியே வருவது. கேமராவில் நடப்பது நேரெதிர், வெளியே உள்ள ஒளி உள்ளே போய்ச் சேருகிறது. அதனால் 'ஒளியேற்பு' என்கிறேன். கூடினால் மிகையேற்பு, குறைந்தால் குறையேற்பு. 'ஒளியேற்றல்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது விளக்கேற்றுவதாகிவிடும்.

பிள்ளைகளுக்கு இது புரிந்தது பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, வைத்துத்தான். இப்போது சுற்றிலும் செம்பனைதான் (எண்ணெய்ப் பனை) என்றாலும், பாட்டி மரம் சீவிய கதை வீட்டுக்கு வீடு உண்டு. மரத்தில் கட்டிய மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) எவ்வளவு பால் சேரும் என்பது அது வடிகிற வேகத்தையும் நேரத்தையும் பொறுத்தது. வேகம் லென்ஸின் துளை, நேரம் ஷட்டர் திறந்திருக்கும் நேரம். ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியுணர் அளவை, கூட்டுவது சின்ன மங்கு வைப்பது மாதிரி, கொஞ்சம் பாலிலேயே நிறைந்துவிடும். நிறைந்து வழிந்த பால் மண்ணோடு போச்சு. அந்த வேட்டி மடிப்பும் அப்படித்தான், கணினியில் எவ்வளவு இருட்டாக்கினாலும் திரும்பாது.

அப்புறம் 'ஸ்டாப்', ஒளியை இரு மடங்காகக் கூட்டும் அல்லது பாதியாகக் குறைக்கும் ஒரு அளவு. 'நிறுத்தம்' வேண்டவே வேண்டாம், பஸ்தான் ஞாபகம் வரும். 'படி' என்போம். நல்ல வெயிலில் துளை எண் (எஃப் நம்பர்; எண் குறையக் குறையத் துளை பெரிது) 16, ஐஎஸ்ஓ 100 என்றால் ஷட்டர் நொடியில் 100இல் ஒரு பங்கு; கேமராவில் 125தான் இருக்கிறதென்றால் அதை வைத்துக்கொள்ளலாம். அதே ஆள் வெயிலை விட்டு வீட்டு நிழலில் வந்து நின்றால் 11, 8, 5.6, 4 என்று நான்கு படி திறக்கவேண்டும். படிக்குப் படி ஒளி இரு மடங்கு, ஆக 16 மடங்கு. செம்பனை ஓலை அடர்ந்த இடத்தில் அதுவும் பத்தாது, இன்னும் ஒன்றிரண்டு படி. ஷட்டரை 125இலிருந்து 60க்கு இறக்கினாலும் ஒரு படிதான். துளைக்கும் நேரத்துக்கும் ஒரே சொல் பொருந்துவதால்தான் இதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

மிச்சம் இருப்பது 'துளை எண்'. எண் பெருகப் பெருகத் துளை ஏன் சின்னதாகிறது என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். லென்ஸின் குவியத்தூரம் 50 மில்லிமீட்டர் என்றால், அதை 16ஆல் வகுத்தால் துளையின் விட்டம் சுமார் 3 மில்லிமீட்டர்தான், 2ஆல் வகுத்தால் 25. வகுத்து வரும் பங்கு என்பதால் 'துளைப்பங்கு' என்று வைக்கலாமா? ஐயா என்ன சொல்கிறீர்கள்?