நடவு வயல், அலையாத்திக் காடு: நீர்வண்ணத்தில் பச்சை சரியாக வரவில்லை

வரப்போரம்:
திருவாரூர் பக்கத்து நடவு வயலும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் வரைகிறேன். சாப் கிரீனை டியூபிலிருந்து அப்படியே எடுத்தால் வயல் பிளாஸ்டிக் பாய் மாதிரி இருக்கிறது. காட்டுக்கும் அதே பச்சைதான் வருகிறது. கடலோரத்தில் இரண்டாவது வாஷ் (தண்ணீர் நிறையக் கலந்த மெல்லிய நிறப்பூச்சு) வைத்தால் பூப்பூவாகப் பரவிவிடுகிறது. தாள் 300 ஜிஎஸ்எம், கனமானதுதான். எங்கே தப்பு?

வண்டல்:
புதிதாக நட்ட வயலில் பச்சையைவிடத் தண்ணீர்தான் அதிகம். அதனால் வானத்துக்கு வைக்கும் வாஷையே வயல் வரைக்கும் இறக்குங்கள், கீழே மட்டும் ஒரு சாயல் அடர்த்தியாக. நன்றாகக் காய்ந்த பிறகு நாற்று. கிட்டத்தில் தனித்தனிக் கீற்று, தூரத்தில் ஒரே பட்டை. பச்சையை நீங்களே கலக்குங்கள்: லெமன் எல்லோ 3 பங்கு, அல்ட்ராமரின் நீலம் 1 பங்கு, பிரஷ் நுனியில் கொஞ்சம் பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு). அந்தச் சிவப்புத்தான் பச்சையின் பளபளப்பை அடக்கும். நாற்றங்காலுக்கு மட்டும் சியன்னா வேண்டாம், மஞ்சளைக் கூட்டினால் போதும். தை மாத சம்பா வயல் என்றால் எல்லோ ஓக்கரில் (மண் மஞ்சள்) ஆரம்பியுங்கள்.

கண்டல்:
முத்துப்பேட்டையில் பெரும்பாலும் வெண்கண்டல் மரம். இலையின் அடிப்பக்கம் வெளிறியிருப்பதால் தூரத்துக்குச் சாம்பல் பச்சையாகத் தெரியும். செருலியன் நீலமும் எல்லோ ஓக்கரும் கலந்தால் அது கிடைக்கும். ஒரு விஷயம், பிச்சாவரம் போட்டோவைப் பார்த்து வளைந்த தாங்கு வேர்களை இங்கே வரையாதீர்கள் (நிறையப் பேர் வரைகிறார்கள்!). அது சுரபுன்னை என்ற வேறு அலையாத்தி மரத்தின் வேர். வெண்கண்டலுக்குச் சேற்றிலிருந்து பென்சில் மாதிரி நிமிர்ந்து நிற்கும் மூச்சு வேர்கள்.

உப்புக்காற்று:
பூ விழுவதற்குத் தாளைக் குறை சொல்ல முடியாது. பாதி காய்ந்த வாஷில் அதைவிட ஈரமான பிரஷ் பட்டால், புதுத் தண்ணீர் பழைய நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் சேர்க்கும். கடற்காற்றில் ஈரம் அதிகம், மேலே மினுமினுப்பு போனாலும் உள்ளே காய்ந்திருக்காது. புறங்கையை வைத்துப் பாருங்கள், சில்லென்றிருந்தால் தொடாதீர்கள். அவசரம் என்றால் தாளைச் சின்னதாக்குங்கள், 11க்கு 15 அங்குலம் போதும்.

வெளிச்சமும் முக்கியம். நம் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுவதால் காலையில் படகெல்லாம் கறுத்த நிழலுருவம். படகின் நிறம் வேண்டுமானால் சாயங்காலம் 4 மணிக்குமேல் போங்கள். தரங்கம்பாடிக் கோட்டையின் கடல் பக்கச் சுவருக்கு மட்டும் காலை வெயில்தான்.

வரப்போரம்:
நன்றி. வேதாரண்யம் உப்பளத்துக்கு வெள்ளை போஸ்டர் கலர் சரிவருமா?

உப்புக்காற்று:
வேண்டாம், சுண்ணாம்பு பூசியது போலாகிவிடும். வெயில் படும் பக்கம் தாளை வெறுமையாக விடுங்கள். நிழல் பக்கம் அல்ட்ராமரினில் துளி அலிசரின் சிவப்பு, நிறையத் தண்ணீர். குவியலுக்குப் பின்னால் வானத்தைக் கொஞ்சம் அடர்த்தியாக்கினால்தான் உப்பு வெள்ளையாகத் தெரியும்.