ஏ, இ, ஐ, ஓ, யு எல்லாம் தீர்ந்துபோச்சு, ஒய் மட்டும் வச்சு அஞ்செழுத்து இங்கிலீஷ் வார்த்தை சொல்லுங்க

கொளத்தூர்_டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். கொளத்தூர்ல வீட்டு மாடியில ட்யூஷன் எடுக்கிறேன். ஏழாவது, எட்டாவது பசங்க. சனிக்கிழமை சாயங்காலம் பாடம் கிடையாது, எழுத்துக் காயை அடுக்கி இங்கிலீஷ் வார்த்தை கோக்கிற ஸ்கிராபிள்தான். மூர் மார்க்கெட் பக்கம் பழசா வாங்குன செட். அட்டை ஓரம் பிஞ்சிருக்கும், ஆனா நூறு காயும் இருக்கு. கடைக்காரர் முறைக்க முறைக்க எண்ணிப் பாத்துதான் வாங்கினேன்.

ஆட்டம் முடியுற நேரத்துல உயிரெழுத்து அஞ்சும் போர்டுக்குப் போயிடுது. பசங்க கையில எச்சும் எம்மும் ஒய்யும் நிக்கும். "பாஸ் மிஸ்"னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிடுதுங்க. அந்த அஞ்சும் இல்லாத அஞ்செழுத்து, ஆறெழுத்து வார்த்தை வேணும். நெட்ல தேடினா லிஸ்ட் கொட்டுது, பாதி எனக்கே புரியல. அர்த்தம் சொல்லத் தெரியாத வார்த்தையை வைக்கக் கூடாதுங்கிறது எங்க மாடி சட்டம். அதனால பசங்க காதுல எப்பவாவது விழுந்ததா இருக்கணும்.

இப்போதைக்கு எங்ககிட்ட லிம்ஃப் இருக்கு, நிணநீர்னு அறிவியல்ல வந்துச்சு. ஜிப்ஸி இருக்கு. அப்புறம் எம்-ஒய்-ஆர்-ஆர்-எச். பெரம்பூர்ல இருந்து வர்ற பொண்ணு வச்சா. மத்ததுங்க சண்டைக்குப் போச்சு. "குழந்தை இயேசுவுக்குப் பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் கொண்டு வந்தாங்கல்ல, அந்த வெள்ளைப்போளம்டா"ன்னு சொல்லி வாயை அடைச்சுட்டா.

பி.கு: டாக் டி, டைகர் டின்னு பிரிச்சு எழுதுங்க. தமிழ்ல ரெண்டும் ஒண்ணா தெரியுது.

ஓஎம்ஆர்_நைட்ஷிப்ட்:

மேடம், ஏதாவது ஒரு வார்த்தை லிஸ்ட்டை எக்செல்ல ஒட்டுங்க. ஃபில்டர்ல கேள்விக்குறி போட்டா அது ஒரே ஒரு எழுத்தைக் குறிக்கும். ரெண்டு கேள்விக்குறி, ஒய், மறுபடி ரெண்டு கேள்விக்குறின்னு போட்டா, நடுவுல ஒய் இருக்கிற அஞ்செழுத்து மட்டும் நிக்கும். உயிரெழுத்தைக் கழிக்கணும்னா கூகுள் ஷீட்ஸ்ல ரெஜெக்ஸ்மேட்ச்னு ஒரு ஃபார்முலா, நாம சொல்ற எழுத்து அமைப்பு பொருந்துதான்னு பாக்கும். தொடக்கம் (^), முடிவு ($) ரெண்டு குறியும் மறக்காம போடுங்க. இல்லேன்னா பெரிய வார்த்தைக்குள்ள இருக்கிற துண்டையும் பிடிச்சுட்டு வரும்.

பழைய_லைனோ:

அம்மா, எக்செல் கொடுக்கிறதும் லிஸ்ட்தானே. எந்த எழுத்து எங்கே உட்காரும்னு பசங்களுக்குக் காட்டுங்க, வார்த்தை தானா வரும்.

நான் மவுண்ட் ரோடு பக்கம் ஒரு அச்சாபீஸ்ல முதல்ல கையால எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டர், அப்புறம் ஈயத்துல வரிவரியா வார்க்கிற லைனோ மெஷின் ஆபரேட்டர். ஈய எழுத்து கேஸைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், இ எழுத்துக்குத்தான் பெரிய அறை. லைனோ கீபோர்டுல இடது ஓரத்துல மேலிருந்து கீழா இ, டைகர் டி, ஏ, ஓ, ஐ, என். பக்கத்து வரிசையில எஸ், எச், ஆர், டாக் டி, எல், யு. அதிகம் புழங்குறது கைக்குப் பக்கத்துல. ஸ்கிராபிளை உண்டாக்கின ஆல்ஃப்ரெட் பட்ஸும் 1930-களில் செய்தித்தாளை வச்சு எழுத்தெண்ணித்தான் காயைப் பங்கு போட்டார். உங்க நூறு காயில இ 12, உயிரெழுத்து அஞ்சும் சேர்ந்து 42. ஒய் ரெண்டே ரெண்டு, எச்சும் ரெண்டு. அந்த ஒய்யை முதல் பத்து நிமிஷத்துலயே ஃப்ளை, ட்ரைன்னு செலவழிச்சுட்டு கடைசியில கையைப் பிசையறதுதான் எல்லாரும் செய்யுறது.

ஒய் ரெண்டாவது இடத்துல: லிம்ஃப், நிம்ஃப், லிஞ்ச், பிக்மி. மூணாவது இடத்துல: கிரிப்ட், கிளிஃப் (ஜி-எல்-ஒய்-பி-எச்), ட்ரிஸ்ட். இதுல பாதிக்கு மேல கிரேக்கச் சரக்கு. அவங்க உப்சிலானை லத்தீன்காரங்க ஒய்யா எழுதினாங்க. பக்கத்துல பி-எச், ஆர்-எச், டைகர் டி-எச்னு எச் ஒட்டிக்கிட்டு வர்றதும் அந்த வழியிலதான். ஒய் கையில இருந்தா எச்சை விடாதேன்னு சொல்லிக் கொடுங்க.

உங்க மாடி சட்டத்துக்கும் ஒத்துவரும். ட்ரிஸ்ட், 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவு நேரு பேச்சுல முதல் வரியிலேயே இருக்கு. நிம்ஃப், இறக்கை முளைக்காத கரப்பான் குஞ்சு, சமையல்கட்டுல காட்டலாம். ஆறெழுத்துக்கு ரிதம்: ஆர்-எச்-ஒய்-டைகர் டி-எச்-எம். ரெண்டு எச்சும் ஒருத்தன்கிட்ட வர்றது கஷ்டம், போர்டுல ஒண்ணு கிடந்தா பிடிச்சுக்கலாம். இன்னொண்ணு எஸ்-ஒய்-இசட்-ஒய்-ஜி-ஒய். சூரியன், பூமி, நிலா ஒரே கோட்டுல வர்றது. அமாவாசையும் அதுதான், பௌர்ணமியும் அதுதான். மூணு ஒய் வேணும், பெட்டியில ரெண்டுதான். எந்த எழுத்தாவும் வச்சுக்கிற வெத்துக்காய் ஒண்ணைக் கொடுத்தாகணும். எவனும் கொடுக்க மாட்டான்.

அண்ணாநகர்_அப்பா:

ஒய்யே இல்லாமலும் இருக்கு சார். எச்-எம்-எம், பாம்பே பி-ஆர்-ஆர், பாரிஸ் பி-எஸ்-எஸ்-டைகர் டி எல்லாம் ஸ்கிராபிள் அகராதியில ஏத்திட்டாங்க. என் பையன் எச்-எம்-எம் வச்சுட்டு பத்து நிமிஷம் வாதாடினான். செக் பண்ணா அவன் சொன்னது சரி. இதுக்கா ட்யூஷன் ஃபீஸ் கட்டுறோம்னு இருந்துச்சு.

கொளத்தூர்_டீச்சர்:

அண்ணாநகர் சார், "ம்ம்"முக்கு அர்த்தம் கேட்டா தலையை ஆட்டிக் காட்டிடுவாங்க. சட்டப்படி செல்லும்!

லைனோ ஐயா, ரொம்ப நன்றி. வர்ற சனிக்கிழமை ஒய் ரெண்டையும் எங்க வைக்கிறாங்கன்னு மட்டும் கவனிக்கப் போறேன். இன்னொரு தொல்லை, கியூ. யு எல்லாம் போனதுக்கப்புறம் அது யார்கிட்டயாவது மாட்டிக்கும்.

பழைய_லைனோ:

யு இல்லாம ரெண்டெழுத்துல கியூ-ஐ இருக்கும்மா, சீனாக்காரங்க சொல்ற உயிர்மூச்சு. அஞ்செழுத்துன்னா எஃப்-ஏ-கியூ-ஐ-ஆர், நம்ம ஃபக்கீர்தான். டைகர் டி-ஏ-எல்-ஏ-கியூ, தலாக், அதை டிவி நியூஸ்லயே கேட்டிருப்பாங்க. கியூவுக்கு மட்டும் 10 புள்ளி. ஆனா எல்லாத்துக்கும் ஏ இல்லேன்னா ஐ வேணும், அதனால வந்த உடனே கியூவை இறக்கிடச் சொல்லுங்க. ஒய்யைத்தான் பிடிச்சு வைக்கணும்.