ரயில் பயணம் குறித்த புவியியல் ஆய்வேடு: எந்தத் தலைப்பைத் தேர்ந்தெடுப்பது?

புவிமாணவி

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் பல்கலைக்கழகம் ஒன்றில் புவியியல் படிக்கும் நான், இறுதியாண்டு ஆய்வேட்டுக்கான முன்மொழிவை விரைவில் அளிக்க வேண்டும். ரயில் பயணத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. சிறு வயதில் நிலையங்களின் பெயர்களை வரிசை பிசகாமல் ஒப்பித்துக்கொண்டிருந்த ஆர்வம் இன்றும் குறையவில்லை. ஆனால் அந்த ஆர்வத்தை ஆய்வுக்குரிய ஒரு கேள்வியாக மாற்றும் வழிதான் புலப்படவில்லை.

இப்போதைக்கு என்னிடம் மூன்று எண்ணங்கள் உள்ளன. பெருவிரைவு ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் மறுவிற்பனை விலை ஒன்று. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை சென்ற பழைய மலாயா ரயில் பாதை மற்றொன்று. ஜோகூர் பாருவிலிருந்து நாள்தோறும் இங்கு வேலைக்கு வருவோரின் பயணம் மூன்றாவது. மூன்றும் பரந்த பொருள்கள் என்றும், இவற்றில் எதுவும் இன்னும் கேள்வி வடிவத்தை அடையவில்லை என்றும் என் வழிகாட்டிப் பேராசிரியர் கூறிவிட்டார். நாங்கள் புதிய நகரான தெங்காவுக்குக் குடிவந்த பிறகு, பேருந்தில் நிலையத்துக்குப் போகும் நேரமெல்லாம் இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

புவியியல் தகவல் முறைமை மென்பொருளை ஓரளவு கையாளத் தெரியும். புள்ளியியலில் அவ்வளவு தேர்ச்சி இல்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

தண்டவாளம்

வணக்கம் தங்கையே. நானும் புவியியல் படித்தவன். இப்போது போக்குவரத்துத் திட்டமிடல் சார்ந்த பணியில் இருக்கிறேன். உங்கள் பதிவில் நான்காவது எண்ணம் ஒன்றும் இருக்கிறது என்பேன், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் வீட்டு விலை. மறுவிற்பனைப் பரிவர்த்தனைகள் அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் தெரு, புளோக் எண், மாடி, பரப்பளவு, குத்தகை தொடங்கிய ஆண்டு ஆகியவற்றோடு இலவசமாகக் கிடைப்பதால், பலரும் இத்தலைப்பை நாடுகிறார்கள். நிலையம் இருக்கும் இடத்தில்தான் கடைத்தொகுதியும் பேருந்து நிலையமும் இருக்கும் என்பதால் விலை உயர்வில் ரயிலின் பங்கு மட்டும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். அதற்கு நல்ல புள்ளியியல் பயிற்சி வேண்டும். இதையே எடுப்பதென்றால், கட்டப்பட்டும் திறக்கப்படாமலிருந்த நிலையங்களைப் பாருங்கள். வடக்கு-கிழக்கு வழித்தடம் 2003 ஜூன் 20 அன்று சேவையைத் தொடங்கியபோது புவாங்கோக் நிலையம் மூடியே இருந்தது; 2006 ஜனவரியில்தான் அது திறக்கப்பட்டது. உட்லே நிலையமோ 2011 வரை காத்திருந்தது. சுரங்கமும் மேடையும் தயாராக இருக்க, ரயில் மட்டும் நிற்காமல் கடந்து சென்ற அந்த ஆண்டுகள், நிலையம் என்ற கட்டடத்தின் விளைவையும் அங்கு கிடைக்கும் சேவையின் விளைவையும் பிரித்துப் பார்க்க ஓர் அரிய வாய்ப்பு.

ஆனால் நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுச் சென்ற செய்தியே எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. நீங்கள் தெங்காவில் வசிக்கிறீர்கள். அந்த நகரில் முதல் குடியிருப்பாளர்கள் 2023ஆம் ஆண்டில் வீடுகளின் சாவியைப் பெற்றார்கள். அதன் வழியே செல்லவிருக்கும் 24 நிலையங்கள் கொண்ட ஜூரோங் வட்டார ரயில் பாதையின் கட்டுமானமோ இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஆக, ரயில் வரும் என்ற திட்டத்தை நம்பி வடிவமைக்கப்பட்ட ஒரு நகரில், ரயில் வருவதற்கு முன்பே வாழத் தொடங்கிவிட்டவர்கள் நீங்கள். 2019இல் வெளியான நிலப் போக்குவரத்துப் பெருந்திட்டம் 2040, உச்ச நேரப் பயணங்களில் பத்தில் ஒன்பது, நடை, மிதிவண்டி, பொதுப் போக்குவரத்து ஆகியவற்றின் வழியாக 45 நிமிடங்களுக்குள் முடிய வேண்டும் என்ற இலக்கை வைத்திருக்கிறது. ரயில் இல்லாத இந்த இடைக்காலத்தில் தெங்காவாசிகளின் 45 நிமிடங்கள் எங்கே செலவாகின்றன என்று கேட்டுப் பாருங்கள். நடையிலா, பேருந்து நிறுத்தக் காத்திருப்பிலா, சுவா சூ காங் அல்லது புக்கிட் பாத்தோக் நிலையத்தில் மாறி ஏறுவதிலா? ரயில் பயணத்தைப் பற்றிய ஆய்வை ரயிலுக்குள் மட்டுமே செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

தரவு குறித்தும் சொல்லியாக வேண்டும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் தளத்தில், எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையத்துக்கு, வார நாளிலும் வார இறுதியிலும் மணி வாரியாக எத்தனை பயணங்கள் என்ற விவரம் மாதந்தோறும் வெளியாகிறது. பேருந்து நிறுத்தங்களுக்கும் அதே போன்ற கோப்பு உண்டு. ஒரே நேரத்தில் கடந்த மூன்று மாத விவரங்களை மட்டுமே பதிவிறக்கலாம் என்பதால், தலைப்பு உறுதியாகும் வரை காத்திருக்காமல் இன்றே பதிவு செய்து, மாதந்தோறும் சேமிக்கத் தொடங்குங்கள். விட்டுப்போன மாதங்களைப் பிறகு தேடினால் அந்தத் தளத்தில் கிடைக்காது.

கரும்பலகை

மாணவிக்கு என் வாழ்த்து. பல்லாண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். தெங்காவைப் பற்றி மேலே தம்பி எழுதியது நல்ல யோசனைதான். ஆனாலும் பழைய ரயில் பாதையை அவ்வளவு எளிதில் கைவிட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்பாதையைப் பற்றி எழுத வருவோர் பெரும்பாலும் வரலாற்றைத்தான் எழுதி முடிக்கிறார்கள். 1903இல் கிராஞ்சி வரை ரயில் ஓடத் தொடங்கியதும், 1932இல் தஞ்சோங் பகார் நிலையம் திறக்கப்பட்டதும், 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயிலை ஜோகூர் சுல்தானே ஓட்டிச் சென்றதும் அனைவரும் அறிந்தவை. புவியியல் மாணவியின் கண்ணில் பட வேண்டியது வேறு. ரயில் பாதைக்குரிய நிலம் 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 999 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டதால், சிங்கப்பூர் தனி நாடான பின்னும் தீவின் வடகோடியிலிருந்து தென்கோடி வரை மலாயா ரயில்வேயின் வசமிருந்த ஒரு நாடாவைப் போல அது நீண்டு கிடந்தது. 1998 ஆகஸ்ட் 1 முதல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றிக்கொள்ள, மலேசியா தன்னுடையதைத் தஞ்சோங் பகாரிலேயே வைத்துக்கொண்டது. இதனால் வடக்கே செல்லும் பயணி, சிங்கப்பூரை விட்டு வெளியேறும் முன்பே மலேசியாவின் சோதனையை முடித்துவிடும் விந்தை 13 ஆண்டுகள் நீடித்தது. எல்லை என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஆராய இதைவிடச் செறிவான எடுத்துக்காட்டு நம் தீவில் இருப்பதாக நான் கருதவில்லை.

இதில் நம் சமூகத்தின் தடமும் பதிந்துள்ளது. காமன்வெல்த் டிரைவில் இன்று உள்ள ஸ்ரீ முனீஸ்வரன் கோயில், 1932இல் குவீன்ஸ்வே அருகே தண்டவாளத்தை ஒட்டி, மலாயா ரயில்வேயில் வேலை செய்த நம் தொழிலாளர்கள் எழுப்பிய சிறு வழிபாட்டிடத்திலிருந்து வளர்ந்தது. தண்டவாளம் அகன்ற பின்னும் அந்தச் சமூகம் எந்தெந்த வட்டாரங்களில் பரவியது, வழிபாட்டுக்காக எங்கிருந்தெல்லாம் திரும்பி வருகிறது என்பதை வரைபடமாக்கலாம். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளும், தேசிய நூலக வாரியத்தின் மின்வடிவத் தொகுப்பில் உள்ள பழைய தமிழ் முரசு இதழ்களும் உங்களுக்குப் பெரிதும் கைகொடுக்கும். தமிழ் படிக்கத் தெரிந்த ஆய்வாளருக்கு மட்டுமே முழுமையாகத் திறக்கும் சான்றுகள் அவை; அந்தத் திறன் உங்களிடம் இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடுவது இழப்பு.

உட்லண்ட்ஸ் வடக்கு

முனைவர் பட்ட ஆய்வில் இருப்பவள் என்ற முறையில் மூன்றாவது எண்ணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாருக்கும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் இடையிலான 4 கிலோமீட்டர் ஆர்டிஎஸ் ரயில், ஒரு திசையில் மணிக்கு 10,000 பயணிகளைக் கொண்டுசெல்லும் திறனோடு 2026 முடிவுக்குள் தொடங்கும் என்று அறிவிக்கப்பட்டது. இரு நாடுகளின் சோதனையும் புறப்படும் இடத்திலேயே முடிந்துவிடும். ரயில் ஓடும் நேரம் ஏறத்தாழ ஐந்து நிமிடங்கள்தான். ஆனால் இப்போதுள்ள தெப்ராவ் ரயிலும் அதே ஐந்து நிமிடங்களில்தான் கடற்பாலத்தைக் கடக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். வண்டி ஓடும் நேரத்தில் பெரிய மாற்றம் இல்லையென்றால், பயணச்சீட்டு கிடைப்பதிலும், எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கிறது என்பதிலும்தான் மாற்றத்தைத் தேட வேண்டும்.

சுவீடனின் புவியியலாளர் டோர்ஸ்டன் ஹேகர்ஸ்ட்ராண்ட் 1970இல் முன்வைத்த கால-இடப் புவியியல் இதற்குப் பொருத்தமான சட்டகம். ஒருவர் ஒரு நாளில் எங்கெல்லாம் போக முடியும் என்பதை அவருடைய உடலும் வசதியும், பிறரோடு ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்க வேண்டிய தேவையும், சட்டமும் அதிகாரமும் கட்டுப்படுத்துகின்றன என்றார் அவர். எல்லை கடந்து வேலைக்கு வருபவரின் நாளில் இம்மூன்றும் ஒருசேர இறுக்குகின்றன. ஆயினும் இத்தலைப்பில், வேலை அனுமதியில் இருப்பவர்களிடம் பேச வேண்டியிருக்கும் என்பதால் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் கேள்விகள் கடுமையாக இருக்கும். இளநிலை மாணவிக்குக் கிடைக்கும் காலத்தில் நம்பிக்கையைப் பெற்று நேர்காணல்களை முடிப்பது எளிதன்று.

தண்டவாளம் அண்ணன் சொன்ன தரவில் ஒரு குறை உண்டு. பேருந்துக் கோப்பும் ரயில் கோப்பும் தனித்தனியானவை. அவற்றில் பயணியின் அடையாளம் எதுவும் இல்லை. தெங்காவில் பேருந்து ஏறி, சுவா சூ காங்கில் ரயிலுக்கு மாறியவரின் பயணம் இரண்டு துண்டுகளாக இரண்டு கோப்புகளில் கிடக்கும். அவற்றை ஒட்டவைக்க வழியில்லை. எனவே அந்தத் தரவை வட்டாரத்தின் பொதுப்போக்கைக் காட்டப் பயன்படுத்தலாமே தவிர, ஒருவரின் முழுப் பயணத்தை அதிலிருந்து ஊகித்து எழுதிவிடக் கூடாது.

புவிமாணவி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்ன எல்லைச் சோதனை விந்தையை நான் அறிந்திருக்கவில்லை. அதைப் படித்த பிறகு முடிவெடுப்பது இன்னும் கடினமாகிவிட்டது. ஆயினும், நாள்தோறும் என் கண்முன்னே நடப்பதும், ரயில் வந்த பின் மீண்டும் இதே வடிவில் ஆராய முடியாததும் தெங்காதான் என்பதால் அதையே எடுக்க எண்ணுகிறேன்.

கேள்வியை இவ்வாறு அமைத்திருக்கிறேன்: ரயில் நிலையம் இன்னும் திறக்கப்படாத தெங்காவில், ஒரே வீட்டில் வாழும் வெவ்வேறு வயதினரின் அன்றாடப் பயண எல்லை எவ்வாறு வேறுபடுகிறது? எங்கள் வீட்டிலேயே அப்பா அதிகாலையில் கிளம்பிச் சமாளித்துக்கொள்கிறார். பாட்டியோ, மாறி ஏற வேண்டும் என்பதற்காகவே தேக்காவுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டுவிட்டார். இந்த வேறுபாடு எந்தக் கோப்பிலும் பதிவாகாது என்று அக்கா சொன்ன பிறகுதான் உணர்ந்தேன். பயண நாட்குறிப்பும் நேர்காணலும் முதன்மை, டேட்டாமால் தரவு துணை என்று வைத்துக்கொள்ளலாமா?

உட்லண்ட்ஸ் வடக்கு

அந்த முறையே சரி. உங்கள் பாட்டி போகாமல் விட்ட பயணங்களையும் நாட்குறிப்பில் பதியச் செய்யுங்கள். செய்த பயணங்களை மட்டும் எண்ணும் ஆய்வு முதியோரின் இழப்பைக் காணாமலே போய்விடும். உங்கள் சொந்தக் குடும்பத்தைத் தரவாகச் சேர்ப்பதா என்பதை முன்கூட்டியே வழிகாட்டியிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

தண்டவாளம்

கேள்வி தெளிவாக அமைந்துவிட்டது. தெங்கா முழுவதையும் எடுக்காமல், இப்போதைய பேருந்துச் சேவைக்கு அருகில் ஒன்றும் தொலைவில் ஒன்றுமாக இரண்டு குடியிருப்புகளைத் தேர்ந்தெடுங்கள். தொலைவை நேர்க்கோட்டில் அளக்காமல், கூரையிட்ட நடைபாதை, சாலைக் கடப்பு, கட்டுமானத் தடுப்புகளைச் சுற்றிப் போகும் வழி ஆகியவற்றை நீங்களே நடந்து பார்த்துக் குறியுங்கள். கட்டுமானம் நடக்கும் நகரில் வழிகள் அடிக்கடி மாறும் என்பதால் ஒவ்வொரு குறிப்பிலும் தேதி இருக்கட்டும். அரசாங்கத்தின் ஒன்மேப் வரைபடத் தளத்தின் வழிகாட்டிக் கணிப்போடு அதை ஒப்பிட்டாலே ஒரு நல்ல அத்தியாயம் கிடைத்துவிடும்.

கரும்பலகை

தெங்காவைத் தேர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. பழைய பாதையை வேறொரு மாணவர் எடுத்துக்கொள்ளட்டும். ஒரே ஒரு நினைவூட்டல்: நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கைக்கு வருவதற்கு முன் எடுக்கும் நேர்காணலை ஆய்வேட்டில் சேர்க்க இயலாது. ஆகவே அந்த விண்ணப்பத்தை இந்த வாரமே எழுதத் தொடங்குங்கள். முதியோருக்கான ஒப்புதல் படிவத்தைத் தமிழ், சீனம், மலாய் மொழிகளிலும் இணைத்து அனுப்புங்கள். தமிழ்ப் படிவத்தைச் சரிபார்க்க வேண்டுமென்றால் இங்கேயே பதிவிடுங்கள், நான் பார்த்துத் தருகிறேன்.