கூம்பு நொதித்தொட்டி: அடி வால்வைத் திறந்தால் ஈஸ்டுக்குப் பதிலாகப் பீர் வருகிறது

கேள்வி:
வணக்கம். கூம்பு வடிவ அடிப்பாகம் கொண்ட 30 லிட்டர் தொட்டியில் பீர் நொதிக்க வைத்திருக்கிறேன். அடர்த்தி (நீரை 1.000 எனக் கொண்ட அளவு) சில நாட்களாக 1.010-இலேயே நின்று, நொதித்தல் முடிந்ததாகத் தெரிந்ததால், தொட்டியை 3 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்து, அடுத்த முறை பீர் தயாரிப்பதற்கு ஈஸ்ட் சேகரிக்க அடி வால்வைத் திறந்தேன். முதலில் எதுவும் வரவில்லை; மேலும் திறந்ததும் சிறிது பழுப்புக் கசடு விழுந்து, உடனே தெளிந்த பீர் பீய்ச்சியது. ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத திரவ அடைப்பு) இருந்த திரவமும் உள்ளே இழுக்கப்பட்டது. ஈஸ்ட் படியவே இல்லையா?

மறுமொழி 1:
படிந்திருக்கிறது, வெளியே வரவில்லை, அவ்வளவுதான். குளிரில் இறுகிய ஈஸ்ட் கூம்பின் சுவரில் ஒட்டிக்கொள்வதால், வால்வை வேகமாகத் திறக்கும்போது நடுவில் மட்டும் துளை விழுந்து, எளிதில் ஓடக்கூடிய பீர் அதன் வழியே இறங்கிவிடுகிறது. வால்வை மூடிச் சில மணி நேரம் விட்டுவைத்து, கூம்பின் வெளிப்புறத்தை ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டிய பிறகு, கூழ் போல மெதுவாக வழியும் அளவுக்கு மட்டும் திறந்து, சிறிது சிறிதாக எடுங்கள். மூடிய தொட்டியிலிருந்து எதை வெளியேற்றினாலும் உள்ளே வெற்றிடம் உண்டாகும் என்பதால்தான் ஏர்லாக் திரவம் இழுக்கப்பட்டது. தொட்டி அழுத்தம் தாங்குமானால், ஏர்லாக்கைக் கழற்றிவிட்டு 1 முதல் 2 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) வரை கார்பன் டை ஆக்சைடு கொடுங்கள்.

மறுமொழி 2:
தட்டுவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்வது நல்லது. அடியிலுள்ள கசடும் அதன் மேலுள்ள ஈஸ்டும் அதனால் கலந்துவிடக்கூடும். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) துகள்களும் புரதமும் முதலில் படிவதால், நொதித்தலின் முதல் ஓரிரு நாட்களிலேயே அவற்றை வெளியேற்றிவிட்டால் பிறகு வருவது பெரும்பாலும் ஈஸ்டாகவே இருக்கும். இப்போது கரும்பழுப்பாக வருவதைக் கொட்டிவிட்டு, வெளிர்நிறத்தில் வழவழப்பாக வருவதை மட்டும் பிடியுங்கள். கடைசியாகப் படிந்ததை மட்டுமே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால், எளிதில் படியாத ஈஸ்டையே தேர்ந்தெடுத்து வளர்ப்பதாக ஆகி, பீர் தெளியத் தாமதமாகும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. குளிர்விப்பதற்கு முன் மணத்துக்காக உலர் ஹாப்ஸை நேரடியாகத் தொட்டியில் சேர்த்திருந்தேன். அதனால்தான் பச்சைத் துகள்கள் தெரிகின்றனவா?

மறுமொழி 2:
ஆம். துகள்கள் மிகுதியாக இருந்தால் அந்த ஈஸ்டை விட்டுவிடுவதே மேல். ஏல் வகையாக (சற்று வெப்பமான நிலையில் நொதிக்கும் பீர்) இருந்தால், அடுத்த முறை நொதித்தல் முடிந்ததும் சுமார் 14 டிகிரிக்குக் குளிர்வித்து, ஈஸ்டை எடுத்த பின்னரே ஹாப்ஸ் சேருங்கள். வால்வின் வாயை 70 சதவீத ஆல்கஹாலால் சுத்தம் செய்துவிட்டு, கிருமி நீக்கிய பாத்திரத்தில் பிடித்து, குளிர்பெட்டியில் வைத்து ஓரிரு வாரங்களுக்குள் பயன்படுத்துங்கள். மூடியை மட்டும் இறுக்கி மூடாதீர்கள். ஈஸ்ட் தொடர்ந்து வாயுவை வெளியிடும் என்பதால் கண்ணாடிக் குடுவை வெடித்துவிடலாம்.