ஹார்டு டிஸ்க் போர்டில் ரோம் சிப் படித்த அனுபவங்கள்

ஈயப்புகை:
வேறு அடாப்டரைக் குத்தி அதிக வோல்ட் வந்தால் காக்கும் டிவிஎஸ் டையோடோடு போர்டும் கருகிப்போன 3.5 அங்குல டிஸ்க், சித்தப்பாவுடையது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் அதே நம்பர் போர்டு கிடைத்தது. அப்படியே மாட்டினால் சுற்றும், டக் டக்கென்று தட்டும், நின்றுவிடும். சரி, அந்த டிஸ்க்குக்கே உரிய அளவுகள் இருக்கும் எட்டுக்கால் ரோம் சிப்பைப் பழைய போர்டில் படித்து இதில் ஏற்றலாம் என்று, சிப்பின் கால்களைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்பை மாட்டினேன். முதலில் ஃபைல் முழுக்க எஃப்எஃப், அதாவது எதுவும் படிக்கவில்லை. கிளிப்பை இம்மி நகர்த்தி அழுத்தியதும் எண்கள் வந்தன. மறுபடி படித்து ஒப்பிட்டால் ஒரே ஒரு பைட் மட்டும் வேறு. 5 லட்சத்துச் சொச்சம் பைட்டில் ஒன்று! டேட்டாவைப் படிக்கும் ஹெட்டுக்கான அளவுகள் இருக்கிற ஃபைல் ஆயிற்றே, எதை நம்புவது? இன்னும் மண்டையைக் குடைகிறது.

பழைய கை:
தம்பி, போர்டில் இருக்கும்போதே கிளிப் போட்டால் அப்படித்தான் வரும். கிளிப் வழியாக போர்டின் மெயின் சிப்பான கன்ட்ரோலருக்கும் கரண்ட் போய், அதுவும் விழித்துக்கொண்டு அதே சிப்பைப் படிக்கப் பார்க்கும். கழற்றித்தான் படிக்க வேண்டும்.

மின்மினி:
கழற்றுவதுதான் ஒரே வழி என்பதை நான் ஏற்கவில்லை. கிளிப்பிலேயே சுத்தமாகப் படித்த போர்டுகள் என்னிடம் உண்டு. சூடு அதிகமாகி, கால் ஒட்டியிருக்கும் செம்புப் பேட் உரிந்துவிட்டால் யார் பொறுப்பு? என் கதை வேறு. ஒரு அம்மா டிஸ்க் கொண்டுவந்தார், கடையில் போர்டு மாற்றியும் ஓடவில்லையாம். பழைய போர்டு எங்கே என்றேன். "அதைக் குப்பையில போட்டுட்டாங்களே தம்பி" என்றார். அந்த முகம் கண்ணிலேயே நிற்கிறது.

கோவை சர்க்யூட்:
நான் ஒரு லேப்டாப் டிஸ்க்கில் மட்டும் செய்திருக்கிறேன், ஓடியது. ஆனால் புதிதாக வருகிறவர்கள் சிலதைத் தெரிந்துகொள்ளுங்கள். சிப்பைப் படிக்க, எழுத உதவும் கறுப்பு நிற சிஎச்341ஏ கருவிகள் பலவற்றில் சிப்புக்கு 3.3 வோல்ட் போனாலும் டேட்டா கால்களில் 5 வோல்ட் வரும். மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு மாட்டுங்கள். 1.8 வோல்ட் சிப்பும் இருக்கிறது, மேலே உள்ள நம்பரைப் பார்க்காமல் தொடாதீர்கள். புள்ளி இருக்கும் பக்கம்தான் முதல் கால். வெஸ்டர்ன் டிஜிட்டல் போர்டில் யூ12 என்று குறித்த சிப் இடம் காலியாக இருந்தால் ரோம் கன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும், கிளிப்புக்கு வேலையே இல்லை. அப்புறம், டிவிஎஸ் மட்டும் ஷார்ட் என்றால் அதை எடுத்தாலே சில போர்டு உயிர் பெறும். முதலில் அதைச் சோதியுங்கள். எதையும் எழுதுவதற்கு முன் மாற்றாக வாங்கிய டோனர் போர்டின் ரோமையும் படித்துத் தனியாக வையுங்கள்.

ஈயப்புகை:
டிவிஎஸ்ஸை அன்றே எடுத்துப் பார்த்தாயிற்று, மோட்டார் ஐசியே வெந்திருந்தது. பழைய கை அண்ணே, நீங்கள் சொன்னபடி சிப்பைக் கழற்றிப் படித்தேன். எத்தனை தரம் படித்தாலும் ஒரே ஃபைல். கிளிப்பில் எண்கள் வந்த இரண்டு தடவையில் இரண்டாவதுதான் சரியானது. அந்த சிப்பையே புது போர்டில் வைத்து சால்டர் பண்ணினேன், டிஸ்க் தட்டாமல் எழுந்தது. இப்போது காப்பி ஓடிக்கொண்டிருக்கிறது. மின்மினி, உங்களுக்கு சுத்தமாக வந்த போர்டுகளில் கன்ட்ரோலர் விழிக்காதபடி ரீசெட்டில் பிடித்து வைத்தீர்களா, இல்லை சும்மாவே வந்ததா?