கோர்ட் படியேறியவர்களே, மனதை விட்டுப் போகாத ஒரு நாளைச் சொல்லுங்கள்

பாலாற்றங்கரை:
எனக்கு அது ஜீப்பில் நோட்டீஸ் ஒட்டிய நாள். அப்பாவின் ஒன்றேகால் ஏக்கரை 1894-ஆம் வருஷச் சட்டத்தில் எடுத்தார்கள். சப் கோர்ட்டில் இழப்பீட்டைக் கூட்டித் தீர்ப்பும் வாங்கிவிட்டோம், பணம் மட்டும் வரவில்லை. அரசு மேல் என்றால் தீர்ப்பாகி மூன்று மாதம் கழித்துத்தான் தீர்ப்பை நடைமுறைப்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனுவில் உத்தரவு வாங்க முடியும். எங்களுக்கு ஜப்தி உத்தரவு கிடைக்க நாலு வருஷம் ஆனது.

கோர்ட் உத்தரவை நிறைவேற்ற வந்த ஊழியர், அமீனா, ஒல்லியான ஆள், கக்கத்தில் ரெக்ஸின் பை. அலுவலக வாசலில் நின்ற ஜீப்பின் கண்ணாடியில் பசை தடவினார். உள்ளேயிருந்து ஒருவர் ஓடிவந்து, "இது யார் வண்டின்னு தெரியுமாய்யா?" என்று சத்தம் போட்டார். "வண்டி நம்பர்தான் சார் தெரியும். ஆர்டர்ல அதுதான் இருக்கு" என்றார் அமீனா. குரல் உறுதியாகத்தான் இருந்தது, கை நடுங்கியது. நோட்டீஸ் கோணலாகப் போனது. அப்பா பேசாமல் பக்கத்தில் போய் தாளின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு வாரத்தில் பணம் கோர்ட்டில் கட்டப்பட்டது. முதல் வருஷத்துக்கு 9 சதவீதம், அதற்கப்புறம் 15 சதவீத வட்டியோடு. அவ்வளவும் மக்கள் பணம். யாரோ ஒரு கோப்பை நகர்த்தாமல் வைத்ததற்கு! நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

ஒடுகத்தூர் மருமகள்:
மாமியாருடைய பாகப்பிரிவினை வழக்கு. எந்தக் கோர்ட் என்று சொல்லவில்லை. அங்கே பதினோரு மாதம் நிரந்தர நீதிபதி இல்லை. இன்னொரு கோர்ட் நீதிபதிதான் இன்சார்ஜ். பாவம், அவருக்குத் தன் கட்டுகளைப் பார்க்கவே நேரம் போதாது. எங்களுக்கு வாய்தா மட்டும்தான். காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்துப் போவோம், பெயரைக் கூப்பிட்டு அடுத்த தேதி சொன்னதும் திரும்பிவிடுவோம்.

ஒரு நாள் மாமியார் டவாலியிடம் போய், "ஐயா, என் பேரை இவ்ளோ சத்தமா கூப்புடுறீங்களே, உள்ள அதைக் கேக்க ஆள் எப்ப வருவாங்க?" என்றார். அந்த மனிதர் பதில் சொல்ல முடியாமல் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். பத்து லட்சம் மக்களுக்கு 50 நீதிபதிகள் என்ற அளவை ஐந்து வருஷத்தில் எட்ட வேண்டும் என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்னும் பாதிகூட எட்டவில்லை. காலியிடத்தை நிரப்பாமல் எதைச் சீர்திருத்தி என்ன?

ஓய்வுபெற்ற குமாஸ்தா:
தங்கச்சி சொல்வதில் ஒன்றை மறுக்கிறேன். வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்தபோது, 1989-க்கு முன்னால், வக்கீல் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன் நான். நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்திருந்த நாட்களிலும் வாய்தா போனதைப் பார்த்திருக்கிறேன். குடியாத்தத்து நெசவாளி ஒருவர், கடன் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், ஐந்து முறை தறியை நிறுத்திவிட்டு வந்தார். ஐந்து முறையும் எதிர்த்தரப்பு வக்கீல் அவகாசம் கேட்டார். ஆறாவது சம்மன் 'இறந்துவிட்டார்' என்று திரும்பி வந்தது. அதைக் கட்டில் சேர்த்தவன் நான்தான்.

விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 17-ஆவது கட்டளையிலேயே இருக்கிறது. தவிர்க்க முடியாத காரணம் என்றால் விலக்கு உண்டு. அந்த விலக்குதான் வழக்கமாகிவிட்டது. அதனால் தங்கச்சி, உங்கள் வக்கீலிடம் சொல்லி, எதிர்த்தரப்பு அவகாசம் கேட்கும்போதெல்லாம் செலவுத்தொகை கேட்கச் சொல்லுங்கள். வழக்கின் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணை வாங்கி இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த தேதி, அன்றைய நடவடிக்கை எல்லாம் வீட்டிலிருந்தே தெரியும். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுக்கலாம். இரு தரப்பும் பேசிச் சமரசமாக முடிக்கிற லோக் அதாலத்துக்கும் போகலாம். அங்கே முடிந்தால் அப்பீல் கிடையாது, கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஜீப் தம்பி, நிறைவேற்று மனுவை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அடுத்தவர்களுக்காவது சொல்லுங்கள்.

காட்பாடி ஜங்ஷன்:
எல்லாரும் தாமதத்தைச் சொல்கிறீர்கள். என்னை அரிக்கிற விஷயம் வேறு. ஏரிக் கால்வாயை மறித்து ஒரு செல்வாக்கான ஆள் சுவர் எழுப்பினார். ஊரார் வழக்குப் போட்டோம், இடிக்கச் சொல்லி முன்சீப், அந்தக் கோர்ட்டின் நீதிபதி அம்மா, உத்தரவிட்டார். ஆறே வாரத்தில் அவருக்கு மாறுதல். கடைசி நாள் சாயங்காலம் அந்த அம்மா புத்தகப் பெட்டியைத் தாமே தூக்கி ஆட்டோவில் வைத்ததைப் பார்த்தேன். டீக்கடையில் ஒருவர், "பாத்தியா, கை வெச்சா இதான்" என்றார். யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை.

ஓய்வுபெற்ற குமாஸ்தா:
தம்பி, அது தப்பு. அரசியல் சட்டத்தின் 235-ஆவது பிரிவுப்படி கீழ் கோர்ட்டுகள் உயர் நீதிமன்றக் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. முன்சீப்பை மாற்றுவது சென்னை உயர் நீதிமன்றம்தான், மந்திரியோ கலெக்டரோ கிடையாது. கோடை விடுமுறையை ஒட்டி வழக்கமாகவே பெரிய மாறுதல் பட்டியல் வரும்.

காட்பாடி ஜங்ஷன்:
சரி ஐயா, விடுமுறைக்கு முன்தான் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊருக்கு அது தெரியாதே! இத்தனை வருஷம் முடிந்தது, அதனால் மாறுதல் என்று பட்டியலிலேயே ஒரு வரி போட்டிருந்தால் அந்த டீக்கடைக்காரரிடம் நான் காட்டியிருப்பேன். இன்னொன்று: மாற்றுகிற அதிகாரம் உயர் நீதிமன்றத்திடம் இருந்தாலும், கட்டடத்துக்கும் ஊழியர் சம்பளத்துக்கும் பணம் மாநில அரசிடமிருந்துதானே வர வேண்டும்? எங்கள் உத்தரவின் நகல் கைக்கு வர இரண்டு மாதம் ஆனது, தட்டச்சு செய்ய ஆள் இல்லை என்றார்கள். அதற்குள் சுவரில் சுண்ணாம்பே அடித்துவிட்டார் அந்த ஆள்.

ஒடுகத்தூர் மருமகள்:
குமாஸ்தா ஐயா, லோக் அதாலத்தில் இரண்டு முறை உட்கார்ந்துவிட்டோம். மாமியாருடைய அண்ணன் வரவே இல்லை. சிஎன்ஆர் எண்ணைப் போட்டுப் பார்த்தேன், 14-ஆம் தேதி என்று காட்டுகிறது. நீதிபதி பெயர் இருக்கிற இடத்தில் இன்னும் இன்சார்ஜ் என்றுதான் இருக்கிறது. மாமியாரிடம் தேதியை மட்டும் சொன்னேன்.